வீடு திரும்பியவர்களின் சரித்திரம்

வைத்திய சாஸ்திரத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள், நோயாளி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி வீடு திரும்பும் நாளோடு பெரும்பாலும் தங்கள் அத்தியாயத்தை முடித்துவிடுகிறார்கள். கட்டி அறுக்கப்பட்டது, புண் ஆறியது, ஆள் பிழைத்தார் என்று எழுதிய பிறகு, அவர் அடுத்த இருபது முப்பது வருஷங்களை எப்படிக் கழித்தார், குரல் பழையபடி இருந்ததா, குளிர் தாங்க முடிந்ததா, மனம் சோர்ந்ததா என்றெல்லாம் விசாரித்துக் குறித்து வைத்தவர்கள் சொற்பம். குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயை அணைத்தாற்போல் அமர்ந்திருக்கும் தைராய்டுச் சுரப்பியின் கதை இதற்கு விலக்கு. இருபத்தைந்து கிராம் எடையைக்கூட எட்டாத அந்தச் சிறு கிரந்தியைப் பற்றி மனிதன் அறிந்துகொண்ட விஷயங்களில் முக்கியமானவை பலவும், சிகிச்சை முடிந்து ஊர் போய்ச் சேர்ந்தவர்களை மறுபடி அழைத்துப் பார்த்ததால் கிடைத்தவையே. நாளமில்லாச் சுரப்பிகளில் உண்டாகும் புற்றுநோய்களுள் அதிகம் காணப்படுவதும் தைராய்டுப் புற்றுநோய்தான். அவற்றுள் பெரும்பாலானவை தப்பிப் பிழைக்கக்கூடிய வகை என்பதால், ‘ஒரு காலத்தில் இருந்தது’ என்ற குறிப்போடு நடமாடும் மனிதர்கள் இன்று உலகெங்கும் ஏராளம். அவர்கள் வாழும் வாழ்க்கைக்கு ஒரு பூர்வோத்தரம் உண்டு.

அது ஸ்விட்ஸர்லாந்தின் பெர்ன் நகரத்தில் தொடங்குகிறது. ஆல்ப்ஸ் மலைச்சாரலில் மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைவு. அதனால் தைராய்டு வீங்கிக் கழுத்தில் கழலையாகத் தொங்குவது அங்கே தலைமுறை தலைமுறையாகக் கண்டுவந்த காட்சி. அந்தக் கழலையைக் கத்தியால் தொடுவதற்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, துணிச்சலுள்ள ரண சிகிச்சை நிபுணர்களே அஞ்சினார்கள். இரத்தக் குழாய்கள் அவ்வளவு நெருக்கமாகப் பின்னியிருக்கும் இடம் சரீரத்தில் வேறு அதிகமில்லை. மேஜையிலேயே உயிர் போனவர்கள் அநேகர். அமெரிக்காவில் சாமுவேல் கிராஸ் என்ற பேராசிரியர், நேர்மையும் விவேகமும் உள்ள எந்த வைத்தியனும் இந்தக் காரியத்தில் இறங்கமாட்டான் என்ற கருத்துப்பட 1866-இல் எழுதினார். இந்த நிலையில்தான், 1872-இல், தமது முப்பத்தோராவது வயதில், தியோடர் கோஹர் பெர்ன் சர்வகலாசாலையில் பேராசிரியரானார். கிருமிநாசினி முறையை அவர் சிரத்தையோடு கைக்கொண்டார். ஒவ்வொரு குழாயையும் முதலில் கட்டி, பிறகே அறுத்தார். அவசரம் என்பதை அறியாத நிதானத்தோடு, சிந்துகிற இரத்தத்தைச் சொட்டுச் சொட்டாகக் கணக்கிடுகிறவர்போல் வேலை செய்தார். வாழ்நாளில் ஏறத்தாழ 5000 தைராய்டு அறுவைகள் அவர் கையால் நடந்தன என்றும், கடைசிக் காலத்தில் அவரிடம் வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இறக்கவில்லை என்றும் அறியும்போது, அந்தக் கையின் சாமர்த்தியத்தைப் புகழாதிருக்க முடியாது. 1909-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

ஆனால் அந்தச் சாமர்த்தியமே ஒரு விபரீதத்துக்குக் காரணமாயிற்று. 1874-இல் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியின் தைராய்டை கோஹர் முழுவதுமாக எடுத்துவிட்டார். புண் அழகாக ஆறிற்று. குழந்தை ஊர் திரும்பினாள். சில மாதங்களுக்குப் பின், அவளை அனுப்பிவைத்திருந்த ஃபெட்ஷெரின் என்ற உள்ளூர் வைத்தியர் கோஹருக்குச் செய்தி அனுப்பினார்: அந்தப் பெண்ணின் சுபாவமே மாறிவிட்டது, சுறுசுறுப்பாக இருந்தவள் மந்தமாகிவிட்டாள். அந்தச் செய்தியின் முழு அர்த்தமும் விளங்குவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தன. 1882-இல் ஜெனீவாவைச் சேர்ந்த ழாக்-லூயி ரெவெர்தான், தம்மிடம் அறுவை செய்துகொண்டவர்களிடம் இதே மாறுதலைக் கண்டதாகச் சொன்ன பிறகே, கோஹர் தம் பழைய நோயாளிகளையெல்லாம் பரிசோதனைக்குத் திரும்ப அழைத்தார். அந்தச் சிறுமிக்கு ஒரு தங்கை உண்டு. முன்பு இருவரையும் வேறுபடுத்தி அறிவதே கஷ்டம் என்று சொல்லும்படி ஒரே சாயலாக இருந்தவர்கள். இப்போது தங்கை வளர்ந்து அழகிய யுவதியாக நின்றாள். அக்காளோ குட்டையாக, முகம் உப்பி, பேச்சு இழுபட்டு, ஒன்பது வருஷங்களுக்கு முன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டிருந்தாள். சுரப்பி முழுதும் எடுக்கப்பட்டவர்களில் பரிசோதிக்க முடிந்த பதினெட்டுப் பேரில் பதினாறு பேர் இப்படித் தேய்ந்திருந்தார்கள். ஒரு பகுதி மட்டும் எடுக்கப்பட்டவர்களோ சௌக்கியமாக இருந்தார்கள். 1883-ஆம் வருஷம் ஜெர்மானிய ரண சிகிச்சையாளர் மகாசபையில் இந்தக் கணக்கை கோஹர் தாமே எழுந்து படித்தார். சாதாரணக் கழலைக்காக இனிச் சுரப்பியை முழுதும் எடுப்பதில்லை என்று தீர்மானித்தார்.

தம் கையால் விளைந்த கேட்டைச் சபையில் அறிவித்ததற்காக கோஹரைப் பாராட்டுவது வழக்கம்; பாராட்ட வேண்டியதுதான். எனினும் எனக்கென்னவோ அந்தக் கிராமத்து வைத்தியரிடமே மரியாதை சற்று அதிகம். குணமாகி வந்த குழந்தையைப் பார்த்து, ‘இவள் பழைய பெண்ணல்ல’ என்று கண்டுகொள்வதற்கு, அவள் முன்பு எப்படி இருந்தாள் என்பதை அறிந்திருக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு அந்த ஞானம் வாய்ப்பதில்லை.

இங்கே ஒரு சிறு கிளைக்கதையும் உண்டு. வியன்னாவில் பில்ராத் என்ற மேதை இதே அறுவையைச் செய்துவந்தார். அவருடைய நோயாளிகளோ மந்தமாகவில்லை, கைகால் விரல்கள் முறுக்கிக்கொண்டு வலிப்புக் கண்டு துன்புற்றார்கள். ஒரே அறுவை, இரண்டு நகரங்களில் இரண்டு விளைவு. இதற்குச் சமாதானம் சொன்னவர், பிற்காலத்தில் அவ்விருவருடைய வேலையையும் நேரில் பார்த்திருந்த அமெரிக்கரான ஹால்ஸ்டெட். கோஹர் நிதானமாக, சுரப்பியின் உறையைத் தாண்டாமல், ஒரு துணுக்கும் மிஞ்சாமல் தைராய்டை எடுத்தார். பில்ராத் வேகமாக அறுத்தார், தைராய்டில் கொஞ்சம் விட்டுவைத்தார், ஆனால் அதன் முதுகில் ஒட்டியிருந்த பயறளவுப் பாராதைராய்டுகளைச் சேதப்படுத்திவிட்டார். அந்தச் சிறு சுரப்பிகளை உப்சலா நகரத்து மாணவர் ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம் மனித உடலில் கண்டு விவரித்ததே 1880-இல்தான். அவற்றை இழந்தால் இரத்தத்தில் கால்சியம் குறைந்து வலிப்பு வருமென்பது 1909-க்குப் பிறகே தெளிவாயிற்று. இன்று தைராய்டை எடுத்துக்கொண்ட ஒருவர், உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்புத் தோன்றியதும் கால்சியம் மாத்திரையைத் தேடுகிறாரே, அந்தப் பழக்கத்தின் வேர் வியன்னாவில் இருக்கிறது.

கோஹர் மகாசபையில் வாசித்த கணக்கு லண்டனுக்கு எட்டியது. அங்கே வில்லியம் கல் என்பவர் 1873-இலேயே, நடுவயதுப் பெண்கள் சிலர் காரணமின்றி உடல் உப்பி மந்தமாவதை விவரித்திருந்தார். இயற்கையாகச் சுரப்பி வாடியவர்களும் கத்தியால் அதை இழந்தவர்களும் ஒரே நோயாளிகளே என்று ஃபெலிக்ஸ் செமன் 1883-இல் சொன்னபோது முதலில் பலர் சிரித்தார்கள். அதை விசாரிக்க ஒரு குழு அமைத்து, 1888-இல் அவர் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டார்கள். பிறகு நியூகாஸில் நகரத்து இளம் வைத்தியர் ஜார்ஜ் மர்ரே, ஆட்டின் தைராய்டிலிருந்து சாறு பிழிந்து, நாற்பத்தாறு வயதுப் பெண்மணி ஒருத்திக்கு 1891-இல் ஊசி மூலம் ஏற்றினார். சில மாதங்களில் அவள் முகவீக்கம் வடிந்து, பேச்சும் நடையும் தெளிந்தன. அடுத்த வருஷமே ஊசி வேண்டாம், வாய்வழியே கொடுத்தாலும் பலிக்கும் என்று இருவர் கண்டார்கள். அவர்களில் ஒருவரான ஃபாக்ஸ், ஆட்டுத் தைராய்டை இலேசாக வதக்கிப் பொடியாக அரிந்து, பழப்பாகோடு வாரத்துக்கு ஒரு தடவை சாப்பிடச் சொன்னார். மருந்து சமையலறையிலிருந்து வந்த அபூர்வமான சந்தர்ப்பம் அது. மர்ரேயின் நோயாளி இருபத்தெட்டு வருஷங்கள் வாழ்ந்து 1919-இல், எழுபத்து நாலாவது வயதில் காலமானாள். அதற்குள் அவள் உட்கொண்ட சாறுக்காக 870-க்கு மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் செலவாகியிருந்தன என்று மர்ரே மறுவருஷம் எழுதிவைத்தார். ஒரே நோயாளியைக் கால் நூற்றாண்டுக்கு மேல் விடாமல் பார்த்து, அவளுக்கு எத்தனை ஆடு ஆயிற்று என்றுகூடக் கணக்கெழுதிய அந்த மனிதரிடம் ஒரு கணக்குப்பிள்ளையின் பக்தி இருந்திருக்க வேண்டும்.

ஆட்டுச் சாறிலிருந்து இன்றைய வெள்ளை மாத்திரைக்கு வந்த வழியைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1914-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று எட்வர்ட் கெண்டால் என்ற ரசாயனி, அமெரிக்காவின் மேயோ ஆஸ்பத்திரியில், அதன் சாரமான தைராக்ஸினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். முப்பத்து மூன்று கிராமைப் பெற ஏறக்குறைய மூன்று டன் பன்றித் தைராய்டு அவருக்கு வேண்டியிருந்தது. ஹாரிங்டன் 1926-இல் அதன் அமைப்பைக் கண்டு, மறுவருஷம் பார்ஜருடன் சேர்ந்து அதைச் செயற்கையாகவே ஆக்கிக் காட்டினார். நூற்றாண்டின் நடுவிலிருந்து செயற்கைத் தைராக்ஸின் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிற்று.

புற்றுநோய் விஷயத்தில் இதன் பலன் பெரிது. சாதாரணக் கழலைக்கு ஒரு பகுதியை விட்டுவைக்கலாம். புற்றுக்கு அப்படி விட்டுவைப்பது ஆபத்து. சுரப்பி முழுதும் போனாலும் மனிதன் மனிதனாகவே இருக்கலாம் என்ற நிச்சயம் ஏற்பட்ட பிறகே முழு அறுவை மனச்சாட்சிக்கு உகந்த சிகிச்சையாயிற்று. அதன் பின்னும் ஒரு சங்கடம் இருந்தது. கழுத்தைவிட்டு நுரையீரலிலும் எலும்பிலும் போய் ஒளிந்துகொண்ட புற்றை எந்தக் கத்தி எட்டும்?

1936-ஆம் வருஷம் நவம்பரில், பாஸ்டன் நகரத்தில், வைத்தியர்களுக்காக கார்ல் காம்ப்டன் என்ற பௌதிக நிபுணர் ஒரு பிரசங்கம் செய்தார். பேச்சு முடிந்ததும், தைராய்டு சிகிச்சை செய்துவந்த சால் ஹெர்ட்ஸ் எழுந்து ஒரு கேள்வி கேட்டார்: அயோடினைக் கதிரியக்கமுள்ளதாகச் செய்ய முடியுமா? தைராய்டு அயோடினை ஆவலோடு இழுத்துக்கொள்ளும் என்பது தெரிந்த விஷயம். அந்த அயோடினே கதிர்வீசுமானால், சுரப்பி தன் பசியாலேயே தன் மருந்தை விழுங்குமல்லவா? இரண்டே வருஷங்களில், கலிபோர்னியாவில் ஸீபார்கும் லிவிங்குட்டும், எட்டு நாட்களில் பாதியாகக் குறையும் அயோடின்-131-ஐ உண்டாக்கினார்கள். ஹெர்ட்ஸ் 1941-இல் தைராய்டு மிகையாகச் சுரக்கும் நோய்க்குக் கதிரியக்க அயோடினைக் கொடுத்துப் பார்த்தார். புற்றுநோய்க்கு அதைப் பிரயோகித்த புகழ் நியூயார்க்கைச் சேர்ந்த சாமுவேல் ஸைட்லினுக்கு உரியது. அந்தக் கதையும் வீடு திரும்பிய ஒருவருடைய கதைதான். 1923-இல் ஒருவருக்குத் தைராய்டை எடுத்துவிட்டார்கள். பதினைந்து வருஷங்களுக்குப் பின் முதுகு வலித்தது. உடல் இளைத்தது, நாடி படபடத்தது. தைராய்டு மிகையாகச் சுரப்பவருடைய எல்லாக் குறிகளும் அவரிடம் இருந்தன, ஆனால் கழுத்தில் தைராய்டே இல்லை. எலும்பில் குடியேறிய புற்றே சுரப்பியின் தொழிலை மேற்கொண்டிருந்தது. அப்படியானால் அது அயோடினையும் இழுக்க வேண்டுமே என்று யோசித்து, ஸைட்லின் 1943-இல் அவருக்குக் கதிரியக்க அயோடினைக் கொடுத்தார். வலி தணிந்தது, உடல் தேறியது. 1946 டிசம்பரில் இந்த விவரம் அச்சானபோது, அணுகுண்டின் பயங்கரம் மனத்தைவிட்டு அகலாத உலகம், அதே அணுவிலிருந்து ஒரு சஞ்சீவி கிடைத்துவிட்டதென்று மகிழ்ந்தது. அயோடினை இழுக்காத மற்றப் புற்றுகளுக்கு அது உதவாது என்ற உண்மை சற்றுத் தாமதமாகவே பரவிற்று.

அந்தச் சஞ்சீவியை வாங்கிக்கொள்ளும் முறை விநோதமானது. சில வாரங்களுக்கு முன்பே உணவில் அயோடினைக் குறைக்க வேண்டும்: அயோடின் சேர்த்த உப்பு ஆகாது, கடல் மீன் ஆகாது, பாலும் முட்டையின் மஞ்சள் கருவும் ஆகா. நம் தேசத்தில் இந்த நோயாளிகளின் வீட்டார், கடையில் அயோடின் சேராத உப்பைத் தேடி அலைவதுண்டு. பிறகு தனி அறை. உள்ளே போனவர் கதிர் தணியும்வரை வெளியே வரலாகாது. வீடு வந்தபின்பும் சில நாட்கள் தனிப் படுக்கை, குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளத் தடை. தீட்டுக் காக்கும் வழக்கங்களை அறிந்த நம்மவர்க்கு இதன் வெளித்தோற்றம் புதிதல்ல. ஆனால் தன் குழந்தைக்கே தான் ஆபத்தாக இருக்கிறோம் என்ற எண்ணம் தரும் வேதனையை எந்தப் பழக்கமும் குறைத்துவிடாது.

இவற்றைவிடக் கொடிது வேறொன்று. மூளையடிச் சுரப்பியின் தூண்டுதல் உச்சத்தில் இருந்தால்தான் மிஞ்சிய அணுக்கள் அயோடினை நன்கு இழுக்கும்; அதற்காக, சிகிச்சைக்கும் பின்னர் வரும் பரிசோதனைக்கும் முன்னால், தைராக்ஸின் மாத்திரையை மூன்று நான்கு வாரங்கள் நிறுத்திவிடுவார்கள். முகம் உப்பும், குரல் கரகரக்கும், குளிர் எலும்பில் இறங்கும், நினைவு மங்கும், காரணமில்லாமல் அழுகை வரும். பெர்ன் நகரத்துச் சிறுமி அறியாமையால் அடைந்த நிலையை, அரை நூற்றாண்டுக் காலம், ஆயிரமாயிரம் பேர் வைத்தியரின் கட்டளையால் சில வாரங்களுக்கு வேண்டுமென்றே அடைந்தார்கள். அந்தத் தூண்டுதல் வஸ்துவைச் செயற்கையாகச் செய்து ஊசியாகப் போடும் வழி அமெரிக்காவில் 1998-இல் அங்கீகரிக்கப்பட்டது. விலை கட்டாதவர்களுக்குப் பழைய முறையே இன்றும் கதி.

சுரப்பியின் பசி மருந்தையும் விஷத்தையும் பிரித்தறியாது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேல்நாட்டு வைத்தியர்கள், குழந்தைகளின் டான்ஸில் வீக்கத்துக்கும் நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பி பருத்திருக்கிறது என்ற சந்தேகத்துக்கும் எக்ஸ்ரே சிகிச்சை தாராளமாகக் கொடுத்துவந்தார்கள். தைராய்டுப் புற்று வந்த இருபத்தெட்டுக் குழந்தைகளில் ஒன்பது பேர் சிசுப் பருவத்தில் அப்படிக் கதிர் வாங்கியவர்கள் என்று டஃபியும் ஃபிட்ஸ்ஜெரால்டும் 1950-இல் எழுதினார்கள். சிகாகோவின் மைக்கேல் ரீஸ் ஆஸ்பத்திரி, 1974-இல், தன்னிடம் பல்லாண்டுகளுக்கு முன் அந்தச் சிகிச்சை பெற்ற ஏறக்குறைய 5000 குழந்தைகளை, அவர்கள் வளர்ந்து குடும்பஸ்தர்களான பிறகு, தேடிப்பிடித்துப் பரிசோதனைக்கு அழைத்தது. கோஹர் செய்த காரியத்தையே தொண்ணூறு வருஷங்களுக்குப் பின், ஒரு ஸ்தாபனமாக நின்று செய்தது என்று சொல்லலாம்.

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபிலில் அணு உலை வெடித்தபோது காற்றில் பரவியவற்றுள் முக்கியமானது, சிகிச்சைக்குப் பயன்பட்ட அதே அயோடின்-131. அது புல்லில் படிந்தது. புல்லைப் பசு மேய்ந்தது. பாலைக் குழந்தைகள் குடித்தார்கள். போலந்து அரசாங்கம் அந்தச் சில நாட்களுக்குள் ஒரு கோடிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குச் சாதாரண அயோடினைப் புகட்டி, அவர்களுடைய சுரப்பிகளின் பசியை முன்கூட்டியே தீர்த்துவிட்டது. பெலாரஸிலும் உக்ரேனிலும் பல கிராமங்களில் அந்த எச்சரிக்கையே நேரத்தோடு போய்ச் சேரவில்லை. போதாக்குறைக்கு, அங்கே மண்ணில் அயோடினும் குறைவு. குழந்தைகளிடம் தைராய்டுப் புற்று பெருகுகிறது என்று பெலாரஸ் வைத்தியர்கள் 1992-இல் அறிவித்தபோது, இவ்வளவு சீக்கிரம் வராது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சிலர் நம்ப மறுத்தார்கள். 2005 வரையில் 6000-க்கு மேற்பட்ட குழந்தைகளும் அப்போது குழந்தைகளாக இருந்தவர்களும் இந்தப் புற்றுக்கு ஆளானார்கள். அவர்களில் இறந்ததாகக் கணக்கில் வந்தவர்கள் பதினைந்து பேர். எஞ்சியவர்கள் கழுத்தின் அடிப்பக்கம் வளைந்தோடும் தழும்போடு வளர்ந்தார்கள். அதற்கு ‘செர்னோபில் கண்டசரம்’ என்று பெயரே வந்துவிட்டது. அவர்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், மணந்து பிள்ளை பெற்றார்கள். இத்தனைக்கும் நடுவில், அரசு மாறினாலும் நாணயம் மாறினாலும், தைராக்ஸின் மாத்திரை கிடைத்தாக வேண்டியிருந்தது.

பிழைத்தவர்களை எத்தனை காலம் பின்தொடர வேண்டும் என்பதிலும் அபிப்பிராயங்கள் மெல்ல மாறின. ஐந்து வருஷம் கடந்தால் அபாயம் நீங்கிற்று என்று பல புற்றுநோய்களுக்குச் சொல்வார்கள். இந்த நோய்க்கு அது பொருந்தாது என்பதை, அமெரிக்க வைத்தியர் எர்னஸ்ட் மஸ்ஸஃபெரி 1355 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து பார்த்து 1994-இல் வெளியிட்ட கட்டுரை நிலைநாட்டியது. முப்பது ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய பத்துக்கு மூவரிடம் நோய் திரும்பியிருந்தது. ஆகவே வருஷந்தோறும் கழுத்தை ஒலியலைப் படம் எடுப்பதும், தைராய்டு அணுக்கள் மட்டுமே சுரக்கும் தைரோகுளோபுலினை இரத்தத்தில் அளப்பதும் வழக்கமாயின. அந்த எண் சற்றே உயர்ந்தால் குடும்பம் முழுவதற்கும் அன்று உறக்கமில்லை. நோயைத் தூண்டிவிடும் என்று அஞ்சி, தேவைக்கு மேலாகவே தைராக்ஸின் கொடுத்து மூளையடிச் சுரப்பியை அடக்கிவைப்பதும் வெகுகாலம் நியதியாக இருந்தது; அதனால் வயதானவர்களின் நெஞ்சு படபடப்பதும், மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்பு மெலிவதும் தெரியவந்த பிறகு, அபாயம் குறைந்தவர்களுக்கு அந்த அடக்குமுறையைத் தளர்த்தினார்கள். மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கி, காபிக்கு அரை மணியாவது காத்திருக்க வேண்டும் என்ற விதி மட்டும் யாருக்கும் தளரவில்லை; காபியின் மணத்தோடு பொழுது விடியும் வீடுகளில் இது லேசான தவமன்று.

எல்லோரையும் தேடித் தேடிப் பார்ப்பதிலும் ஒரு விபரீதம் உண்டென்பதை அண்மைச் சரித்திரம் காட்டியது. தென் கொரியாவில் 1999-க்குப் பின், வேறு புற்றுகளுக்கான பொதுப் பரிசோதனையோடு கழுத்துப் படமும் சேர்ந்துகொண்டது. 2011-இல் தைராய்டுப் புற்று என்று கண்டவர்களின் விகிதம் 1993-இல் இருந்ததைப்போல் பதினைந்து மடங்கு ஆயிற்று. இறப்போ கூடவுமில்லை, குறையவுமில்லை. வாழ்நாள் முழுதும் அசையாமல் கிடந்திருக்கக்கூடிய கடுகளவுக் கட்டிகளுக்காகப் பெருந்தொகையினர் சுரப்பியை இழந்து, மாத்திரையைக் கைக்கொண்டார்கள். வைத்தியர்கள் சிலரே 2014-இல் பகிரங்கமாக இதை ஆட்சேபித்தார்கள். ஒரே வருஷத்தில் அறுவைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. 2016-இல் இன்னொரு விசேஷம் நடந்தது: உறைக்குள் அடங்கிக் கிடக்கும் ஒரு வகைக் கட்டியைப் புற்றுநோய்ப் பட்டியலிலிருந்தே சர்வதேச நிபுணர்கள் எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் அதே கட்டிக்காகப் புற்றுநோயாளி என்று பெயரெடுத்து, இன்ஷூரன்ஸுக்கும் கல்யாணப் பேச்சுக்கும் அந்தப் பெயரைச் சுமந்தவர்கள், அந்த நாளில் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை ஒரு நாவலாசிரியர்தான் எழுத வேண்டும்.

ஜப்பானில் கோபே நகரத்துக் குமா ஆஸ்பத்திரியைச் சேர்ந்த அகிரா மியாவுச்சி, 1993-இலேயே, ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாத சாது வகைப் புற்றை உடனே அறுக்காமல், வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ பார்த்துவந்தால் போதும் என்று யோசனை சொன்னார். வளர்ந்தால் அப்போது அறுத்துக்கொள்ளலாம். இதற்கு இணங்கி வந்த 1235 பேரைப் பற்றிய கணக்கு 2014-இல் வெளியாயிற்று. பத்து வருஷத்தில் நூற்றுக்கு எட்டுப் பேரிடம் கட்டி மூன்று மில்லிமீட்டர் அளவு வளர்ந்திருந்தது. இந்தப் புற்றால் இறந்தவர் ஒருவருமில்லை. முதியவர்களிடமே தைராய்டுப் புற்று மூர்க்கம் கொள்ளும் என்பது வெகுகாலமாக நம்பப்பட்டு வந்தது; கோபேயில் அமைதியாகப் பார்த்திருந்தவர்களிடமோ, நாற்பது வயதுக்குக் குறைந்தவர்களின் கட்டிகளே அதிகம் வளர்ந்தன, அறுபதைத் தாண்டியவர்களின் கட்டிகள் பெரும்பாலும் இருந்தபடியே இருந்தன.